லபக் நகரத்து இரவுக்குப் பிறகு

அவைக்கு வணக்கம்.

2020 மார்ச் 10. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து லபக் நகரம். கிஸ் குழு அன்றிரவு அங்கே ஓர் உள்ளரங்கில் கச்சேரி நடத்தியது. முகத்தில் கறுப்பு வெள்ளைச் சாயம், உயர்ந்த அடியுள்ள பூட்ஸ், மேடையெங்கும் நெருப்பு. 1973இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹார்டு ராக் குழு அது. 2018 செப்டம்பரில் தங்கள் விடைபெறும் கச்சேரிப் பயணத்தை அறிவித்து, ‘எண்ட் ஆஃப் தி ரோடு’ என்று பெயர் வைத்து, 2019 ஜனவரி 31 அன்று கனடாவின் வான்கூவரில் கிளம்பியிருந்தார்கள். 2021 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் முடிப்பதாகத் தேதியும் சொல்லிவிட்டார்கள்.

லபக் கச்சேரிக்கு மறுநாள், மார்ச் 11 அன்று, உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. பயணம் அப்படியே நின்றது. மறுபடி முழுப் பயணமாகக் கிளம்ப 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

செய்தித்தாளில் இது ஒரு வரி: ‘கச்சேரிகள் தள்ளிவைப்பு’. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய உழைப்பும் இழப்பும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இன்று வந்திருக்கிறேன். நிறுத்திவைத்த பயணத்தை நிறுத்திய இடத்திலிருந்து எடுத்துப் போக முடியாது. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும்.

முதலில், நல்ல காலத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். விடிகாலையில் லாரிகள் அரங்கத்தின் பின்வாசலில் வரிசை கட்டி நிற்கும். முதலில் வேலையைத் தொடங்குபவர்கள் ரிக்கர்கள், அதாவது கூரையில் பாரம் தொங்கவிடுபவர்கள். வரைபடத்தைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் புள்ளி குறிப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே கூரை உத்தரத்தில் எஃகு வடம் சுற்றி, செயின் மோட்டாரை மாட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு டன் தூக்கும் மோட்டார். விளக்குச் சட்டம், ஒலிபெருக்கி, திரை எல்லாம் அதில்தான் மேலே ஏறும். அது ஏறி முடியும்வரை கீழே மேடையை இடத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் மேடையை அரங்கின் மறுகோடியில் சக்கரத்தின் மேல் கட்டிவைத்து, கூரை வேலை முடிந்ததும் தள்ளிக்கொண்டு வருவார்கள். மாலையில் ஒலிச் சோதனை. இரவு கச்சேரி முடிந்த மூன்று நான்கு மணி நேரத்தில் அத்தனையும் பிரிந்து லாரிக்குள் போய்விடும்.

பிறகு அடுத்த ஊர். அமெரிக்கச் சட்டப்படி சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்திருக்க வேண்டும். அதன்பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். ஆகவே எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்பதை இந்தக் கணக்கும்தான் முடிவு செய்கிறது. நடுவிலிருந்து ஒரு ஊரை உருவினால் அதன் இருபுறத்து ஊர்களும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்குப் போய்விடலாம். அப்போது ஒரு லாரிக்கு இரண்டு ஓட்டுநர் போட வேண்டும், அல்லது ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கும் நாளுக்கும் பஸ் வாடகை உண்டு, விடுதிச் செலவு உண்டு, சம்பளம் உண்டு. பெரிய பயணத்தில் வருமானம் கச்சேரி நாளில் மட்டும்தான் வருகிறது. செலவோ ஏழு நாளும் ஓடுகிறது.

இப்போது 2020க்கு வருவோம். தள்ளிவைக்க வேண்டும், சரி. எந்தத் தேதிக்கு? பெரிய உள்ளரங்கங்கள் பலவும் கூடைப்பந்து அணிக்கோ பனி ஹாக்கி அணிக்கோ சொந்தக் களம். மிச்ச நாட்களுக்கு ‘முதல் ஹோல்டு’, ‘இரண்டாம் ஹோல்டு’ என்று வரிசை உண்டு; ஹோல்டு என்றால் ஒரு நாளைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பது. முதல் ஹோல்டு வைத்தவர் வேண்டாமென்றால்தான் அடுத்தவருக்கு நாள் கிடைக்கும். அந்த வசந்த காலத்தில் உலகத்தில் பயணத்திலிருந்த எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் அதே இலையுதிர் கால நாட்களைக் கேட்டது. சில மாதத்தில் அதுவும் நடக்காது என்று தெரிந்ததும் எல்லோரும் 2021 கோடைக்குப் பாய்ந்தார்கள். கிஸ் குழுவின் 2020 கோடைப் பகுதியும் அப்படித்தான் ஓராண்டு தள்ளிப்போனது. ஒரு ஊரின் தேதி கிடைத்தாலும், அதன் அண்டை ஊரின் தேதி கிடைக்கவில்லையென்றால் முதல் ஊரும் பயனில்லை.

இங்கிலாந்தின் டோனிங்டனில் நடக்கும் டவுன்லோடு விழாவைப் பாருங்கள். 2020 விழாவின் தலைமைக் குழுக்களில் கிஸ் ஒன்று. விழா ரத்து. 2021க்கும் அதே பெயர் அறிவிப்பில் இருந்தது. மறுபடி ரத்து. 2022 ஜூனில்தான் அந்த மேடையில் ஏறினார்கள்.

தேதிக்கு அடுத்தது அனுமதி. கிஸ் கச்சேரியென்றால் நெருப்பு. ஒவ்வொரு ஊரிலும் தீயணைப்புத் துறையிடம் தேதி போட்டு அனுமதி வாங்க வேண்டும். அந்த நெருப்பை இயக்க உரிமம் பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். அதிகாரி முன்னால் சோதனை செய்து காட்டச் சொல்வதும் உண்டு. தேதி மாறினால் அந்தக் காகிதம் செல்லாது. மேடை வாணம் சரக்குச் சட்டத்தில் முதல் வகுப்பு வெடிபொருள். அதை மற்றப் பெட்டிகளோடு சேர்த்து விமானத்தில் ஏற்றிவிட முடியாது. ஆகவே கடல் கடந்து போகும் பயணங்களில் அதை அந்தந்த நாட்டிலேயே வாங்குவதுதான் வழக்கம். ஈரம் இறங்கிய வாணம் ஒழுங்காக எரியாது. அனுமதி தேதியோடு போகிறது, வாணமும் கிடங்கில் கெட்டுப்போகிறது.

கார்னே என்றொரு கையேடு இருக்கிறது. இசைக்குழுவின் கருவிகளை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோகச் சுங்கத்துறைக்குக் காட்டும் ஆவணம். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது, எடை என்ன, மதிப்பு என்ன, வரிசை எண் என்ன என்று எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். அதன் ஆயுள் ஓராண்டு. எல்லை மூடி, சரக்கு வேற்று நாட்டுக் கிடங்கில் மாட்டிக்கொண்டு அந்த ஓராண்டு தீர்ந்தால், அந்தப் பொருளை நீங்கள் அங்கே இறக்குமதி செய்துவிட்டதாகச் சுங்கம் கருதி வரி கேட்கலாம். ஆகையால் கச்சேரி நின்ற உடனே மேலாளர்களின் முதல் கவலைகளில் ஒன்று, பெட்டிகளைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது.

காப்பீடு? 2003 சார்ஸ் நோய்க்குப் பிறகு, தொற்றுநோய்க்கான பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கம் வந்துவிட்டது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடத்துபவர்கள் அதைச் சேர்த்திருந்தார்கள், பலர் சேர்க்கவில்லை. 2020 மார்ச்சுக்குப் பிறகு கேட்டாலும் கிடைக்காத நிலை. அதனால்தான் 2021 ஆகஸ்டில் பிரிட்டன் அரசே 75 கோடி பவுண்டுக்கு மேல் பொறுப்பேற்று நேரடி நிகழ்ச்சிகளுக்கு ஒரு மறுகாப்பீட்டுத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது.

கருவிகள் தூங்கிய கதையையும் சொல்ல வேண்டும், அதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் மின்சாரம் காணாத வால்வு ஆம்பிளிபயரை எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தத்தில் போட்டால் உள்ளே மின்தேக்கி வெடிக்கக்கூடும். மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கிட்டாரின் கழுத்து காற்றின் ஈரத்துக்கேற்ப வளையும். செயின் மோட்டாரின் சங்கிலியில் துரு, பிரேக்கில் ஒட்டுதல். ஆண்டுச் சோதனைச் சான்று காலாவதி. கிஸ் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான பால் ஸ்டான்லி கூட்டத்தின் தலைக்கு மேல் கம்பியில் பறந்து அரங்கின் பின்பக்கத்துச் சிறு மேடைக்குப் போவார். இப்படி மனிதரைத் தூக்கும் பொருள் என்றால் பெல்ட், கொக்கி, வடம் எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்று, காற்றில் நடந்தது. அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் போயிருந்தது. 617 முதல் 652 வரையும் 663 முதல் 698 வரையும் கம்பியில்லா மைக் இயக்குவது 2020 ஜூலை 13க்குப் பிறகு சட்டவிரோதம். மார்ச்சில் சட்டப்படி வேலை செய்த மைக், பெட்டிக்குள் இருந்தபடியே பயன்படுத்தக் கூடாத பொருளாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பட்டியலைச் சரிபார்க்காமல் கிளம்பியவர்களுக்கு இது பெரிய தலைவலி.

நடுவில் 2020 டிசம்பர் 31 அன்று துபாயில் ஒரு கச்சேரி. இணையத்தில் கட்டணம் கட்டிப் பார்ப்பதற்காக நடத்தியது. விடுதி விருந்தினர்கள் தங்கள் அறை மாடங்களில் நின்று பார்த்தார்கள். நெருப்புக்காக இரண்டு கின்னஸ் சாதனைகள். பார்ப்பதற்குப் பிரம்மாண்டம்தான். ஆனால் ஒரே ஊரில் நாட்கணக்கில் நின்று கட்டிய மேடை அது. ஊர் ஊராகப் போவதன் சிக்கல் எதையும் அது தீர்க்கவில்லை.

2021 ஆகஸ்ட் 18 அன்று மாசசூசெட்ஸின் மான்ஸ்ஃபீல்டில் பயணம் மறுபடி தொடங்கியது. எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், குழுவும் ஊழியர்களும் வெளியாரிடம் கலக்காமல் தனி வட்டமாக இருக்கிறார்கள், பாதுகாப்பு அலுவலர் ஒருவர் முழுநேரமும் உடன் வருகிறார் என்றெல்லாம் அறிவித்திருந்தார்கள். எட்டே நாள். ஆகஸ்ட் 26 அன்று பென்சில்வேனியாவின் பர்கெட்ஸ்டவுனில் அன்றைய கச்சேரி நின்றது, ஸ்டான்லிக்குத் தொற்று. அடுத்து குழுவின் இன்னொரு பாடகர் ஜீன் சிம்மன்ஸுக்கு. ஸ்டான்லிக்கு வயது 69, சிம்மன்ஸுக்கு 72. நாடகத்தில் மாற்று நடிகர் இருப்பார். இங்கே அந்த முகச்சாயத்துக்குள் வேறொருவரை நிறுத்த முடியாது. செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் இர்வைனில்தான் மறுபடி மேடை ஏறினார்கள்.

வட்டம் கட்டி இருப்பது ஏன் இவ்வளவு கடினம்? ஊழியர் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக ஒரு பஸ்ஸில் 12 படுக்கை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. மூடிய சன்னல், ஒரே குளிர்காற்று. கச்சேரி முடிந்து வியர்வையோடு ஏறி அங்கேதான் தூக்கம். பஸ்ஸுக்கு ஆறு பேர் என்று குறைத்தால் பஸ் இரட்டிப்பாகும். அது போதாதென்று, ஒவ்வொரு ஊரிலும் சுமை இறக்க வரும் உள்ளூர் ஆட்கள் பல பத்துப் பேர். அவர்கள் எந்த வட்டத்துக்குள்ளும் இல்லை. அவர்களோடு தோளோடு தோள் உரசாமல் ஒரு பெட்டியைக்கூட நகர்த்த முடியாது.

அந்த அக்டோபரில் ஸ்டான்லியின் கிட்டார்களைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஊழியர் ஒருவர் கொரோனாவால் இறந்துபோனார். முன்னெச்சரிக்கைகள் போதாது என்று ஊழியர் சிலர் பத்திரிகையிடம் சொன்னார்கள். விதிகளுக்கு மேலாகவே கவனம் எடுத்தோம் என்று குழுவின் தரப்பு பதில் சொன்னது. அந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றை இந்த அவை மனத்தில் வைக்க வேண்டும். நட்சத்திரத்துக்குக் காய்ச்சல் வந்தால் கச்சேரி நிற்கும். கிட்டார் ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் நிற்காது. அன்றைய வேலையை இன்னொருவர் பார்ப்பார். பெரும்பாலானவர்களுக்குப் பயணம் ஓடினால்தான் சம்பளம். உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்து சொல்வதற்கே அவர்களுக்கு எத்தனை தயக்கம் இருந்திருக்கும்! அன்றைய விதிமுறைகளில் நான் முதலில் தேடுவது அந்தச் சம்பள உறுதியைத்தான்.

அடுத்த ஆண்டு வேறொரு பஞ்சம். நின்றிருந்த பயணங்களெல்லாம் 2022இல் ஒன்றாகக் கிளம்பின. லாரி இல்லை, பஸ் இல்லை, அனுபவமுள்ள ரிக்கர் இல்லை. ரிக்கர் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ஓட்டுநர் பொட்டல விநியோகத்துக்குப் போயிருந்தார். இரவில் சொந்த வீட்டில் தூங்கும் வேலையை ருசி பார்த்தவரைத் திருப்பி அழைப்பது சுலபமில்லை.

கடைசியில் 2023 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பயணம் முடிந்தது. 2021 ஜூலை 17 என்று முதலில் சொன்ன நாளிலிருந்து 868 நாட்கள் கழித்து. அந்தக் கடைசி இரவிலும் மேடை வழக்கம்போலவே பிரிந்தது. கூரையிலிருந்து சங்கிலிகள் இறங்கின, பெட்டிகள் மூடின, லாரிகள் கிளம்பின. அடுத்த ஊர் என்று எதுவும் அவர்கள் பட்டியலில் இல்லை.

நன்றி. வணக்கம்.