முதல் தாளின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருந்தால் முதல் தாளைத் திருப்பிப் பாருங்கள். ‘இந்நூலின் எந்தப் பகுதியையும் பதிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கல்லூரியில் நூலகராக இருந்த காலத்தில் அந்த வரியையே சட்டம் என்று நான் நம்பியிருந்தேன்.

பொருளாதாரம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி ஒரு நாள் வந்து, ஓர் ஆங்கில நூலின் இரண்டு அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அது வெளியே கொடுக்க முடியாத புத்தகம். சொந்தமாக வாங்கவும் அவளால் முடியாது. நான் அந்த வரியைக் காட்டி மறுத்துவிட்டேன். அவள் பதில் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் மத்தியான நேரம் முழுக்க ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, அட்டவணைகளுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீள நோட்டில் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனாள். அவள் விரலில் ஒட்டியிருந்த மை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் செய்தது தவறு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்லும் நீளமான பிரிவு. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்திகளைச் சொல்வதற்கும் ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதற்குத் தனியாகவே இடம் கொடுத்திருக்கிறது. முதல் தாளில் பதிப்பாளர் என்ன அச்சிட்டிருந்தாலும், சட்டம் கொடுத்த இந்த இடத்தை அந்த ஒரு வரி பறித்துவிடாது.

இது கோர்ட் வரை போய்ப் பார்த்த விஷயம். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயங்களைப் பல நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, பைண்டு பண்ணி மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பெரிய பதிப்பகங்களின் தரப்பு, அந்தக் கடை மீதும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்துக்கு நூல்கள் எழுதிய அமர்த்திய சென்னே, இவ்வளவு கடுமை வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதினார். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில் அவர் தன் மாணவப் பருவத்தை நினைவுகூர்கிறார்: ஜெராக்ஸ் வசதி குறைவாக இருந்த அந்த நாளில் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டோம், அதையே இன்று இயந்திரம் செய்கிறது என்பதால் அது குற்றமாகிவிடுமா? இதைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னலோர மேசைதான் ஞாபகம் வந்தது.

மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு டிசம்பரில் இன்னொன்றும் சொன்னது. இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. கற்பிக்கும் நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. எடுத்தது அந்தத் தேவைக்குள் அடங்குகிறதா என்பதைச் சாட்சியம் வைத்து விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின.

இதனால்தான், ‘முப்பது விநாடிப் பாட்டு என்றால் பரவாயில்லை’, ‘பத்து சதவீதம் வரை எடுக்கலாம்’ என்று உலவும் கணக்குகளை நம்பாதீர்கள் என்கிறேன். வீடியோவுக்குக் கீழே ‘ஃபேர் யூஸ்’ (நியாயமான பயன்பாடு) என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டால் போதும் என்ற நினைப்பும் வேண்டாம். அது அமெரிக்கச் சட்டத்தின் சொல், அங்கேயும் அந்த இரண்டு வார்த்தை யாரையும் காப்பாற்றாது. 1996இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பழைய நாடகம் ஒன்றை விமர்சித்து எழுந்த எதிர்நாடகம், மூலத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் நிறையவே எடுத்தாண்டிருந்தது. அங்கே பார்க்கப்பட்டவை: எடுத்தது எவ்வளவு, எதற்காக, மூலத்தோடு அது போட்டிக்கு நிற்குமா. எதிர்நாடகத்துக்கு அனுமதி கிடைத்தது.

போட்டி என்ற அந்தக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். புது நாவல் ஒன்றை முழுதாக ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமே, அதற்கு 52ஆவது பிரிவில் எந்த இடமும் கிடையாது. நம் ஊரில் எத்தனையோ இலக்கிய நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. பிடிஎஃப் படித்தவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை வாங்கியிருந்தால் அந்த எழுத்தாளருக்கு அடுத்த பதிப்பு வந்திருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு பையன், சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து முழுவதும் ஜெராக்ஸ் வேண்டும் என்றான். செமினாருக்கு எந்தக் கதை என்று கேட்டேன். மூன்றாவது கதை என்றான். சரி, அதை மட்டும் எடுத்துக்கொள், ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் மேலே எழுதிக்கொள் என்றேன். அப்புறம் முதல் தாளைத் திருப்பி, அதே பொடி எழுத்துக்குக் கீழே இருந்த பதிப்பகத்தின் தொலைபேசி எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். மிச்சக் கதைகளையும் படிக்க வேண்டும் என்று அவனே ஒரு பிரதி வரவழைத்தான்.

நன்றி, வணக்கம்.