ஜிஎஃப்பி ஒட்டினால் புரதம் கெட்டுப்போகாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஜிஎஃப்பி என்கிற, பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி, ஈஸ்ட் செல்லுக்குள் மற்றப் புரதங்கள் பச்சையாக ஒளிரும் படங்களைப் போன வீடியோவில் காட்டினேன் இல்லையா, அதற்கு ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், ஜிஎஃப்பி மட்டுமே 238 அமினோ அமிலம். அவ்வளவு பெரிய சமாச்சாரத்தை ஒட்டினால் அந்தப் புரதம் கெட்டுப்போகாதா?" இந்தக் கேள்வி வராதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

சிலது கெட்டுத்தான் போகும். ஆனால் பெரும்பாலானவை தாங்கிக்கொள்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஈஸ்ட்டின் ஏறக்குறைய எல்லா மரபணுவின் கடைசியிலும் ஜிஎஃப்பியைச் சேர்த்துப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒளிர்ந்தன. ஏன் கடைசியில் என்றால், மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிற புரதங்களில் பலவற்றுக்கு முகவரி முன்பக்கம்தான் இருக்கும், அதை மறைக்கக் கூடாது. அதற்காகப் பின்பக்கம் எப்போதும் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞையைக் கடத்துகிற ராஸ் புரதத்துக்குக் கடைசி நாலு அமினோ அமிலத்தை வைத்துத்தான் கொழுப்புச் சங்கிலி ஏறும், அது ஏறினால்தான் சவ்வில் உட்காரும். அங்கே போய் ஜிஎஃப்பியை ஒட்டினால் கதை முடிந்தது.

சரி, ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டியது வேறு: கெடவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒளிர்கிறது என்பதால் வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஒரு மாணவர் பிரமாதமான படம் கொண்டுவந்தார். "ஹாப்ளாய்டா, டிப்ளாய்டா?" என்றேன். டிப்ளாய்டு, அதாவது ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி இருக்கிற செல். அதில் ஒட்டாத இன்னொரு பிரதி உட்கார்ந்து எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, கெட்டது எப்படி வெளியே தெரியும்? ஹாப்ளாய்டில் ஒரே பிரதிதான் என்பதால் ஒட்டிய பிரதி மட்டும்தான் இருக்கும். அது இல்லாமல் செல் பிழைக்காது என்கிற மரபணுவாக இருந்தால் இன்னும் வசதி, செல் உயிரோடு இருப்பதே பாதிப் பதில். மீதிப் பாதிக்கு, ஒட்டாத ஈஸ்ட்டையும் பக்கத்திலேயே சொட்டு வைத்து ஒரு தட்டை 30 டிகிரியிலும் இன்னொன்றை 37இலும் வளர்த்துப் பாருங்கள். 30இல் சமர்த்தாக இருந்துவிட்டு 37இல் படுத்துவிடுகிற புரதங்கள் நிறைய.

செல்லுக்குள் இழைகளாகக் கோத்துக்கொள்கிற ஆக்டின் என்ற புரதம் இதற்கு நல்ல உதாரணம். ஜிஎஃப்பி ஒட்டிய ஆக்டின் மட்டுமே இருந்தால் ஈஸ்ட் பிழைக்காது. சாதாரண ஆக்டினும் கூடவே இருந்தால் பிழைக்கும், ஆக்டின் திரண்டிருக்கிற புள்ளிகள் அழகாகத் தெரியும், ஆனால் நீளமான ஆக்டின் இழைகள் தெரியாது. படத்தை மட்டும் பார்க்கிறவர் அங்கே இழையே இல்லை என்று எழுதிவிடுவார்! அதனால்தான் ஆக்டினை விட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொள்கிற ஈஸ்ட் புரதம் ஒன்றிலிருந்து 17 அமினோ அமிலத் துண்டை எடுத்து அதில் ஜிஎஃப்பியை ஒட்டுகிறார்கள், லைஃப்ஆக்ட் என்று பெயர். அதையும் அளவுக்கு மீறிப் போட்டால் தொல்லைதான்.

அப்புறம், கேட்டவர் எந்தப் புரதம் என்று சொல்லவே இல்லையே. பெயரைப் போடுங்கள், எந்த முனையில் ஒட்டலாம் என்று பார்க்கலாம்.