கொண்டை ஊசி வளைவுல ஆர்பிஎம் முள் விழுதா? மீட்டர மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

அடுத்த கேள்வி ஆர்பிஎம் மீட்டர், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டர் பத்தி, சேலம் கோரிமேட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. படிச்சிடுறேன். “அண்ணா, என்னோடது 150 சிசி வண்டி, கார்புரேட்டர் மாடல். ஊருக்குள்ள ஆர்பிஎம் மீட்டர் நல்லாத்தான் காட்டுது. ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுல இடது பக்கம் ஒடிச்சா முள் பொத்துனு ஜீரோவுக்கு விழுந்துடுது. ஹேண்டில்பார் நேரானதும் தானா மேல வந்துடுது. ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள் ரெண்டும் சரியா இருக்கு. மீட்டர் போர்டையே மாத்தணும்கிறாங்க. மாத்தலாமா?”

மாத்தாதீங்க தம்பி. உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. இடது பக்கம் ஒடிச்சா விழுது, நேரானா வருதுன்னா அது மீட்டருக்குள்ள இருக்கிற கோளாறு இல்லீங்க. ஹேண்டில்பாரோட சேர்ந்து மடங்குற ஏதோ ஒண்ணுல இருக்கு. ஊருக்குள்ள அந்த அளவுக்கு ஒடிக்கிறதே இல்ல, வண்டிய நிறுத்தி எடுக்கும்போது மட்டும்தான். ஏற்காட்டு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. அதனால அங்க போனா மட்டும் தெரியுது.

முதல்ல ஒண்ணு கேக்கிறேன். முள் விழும்போது இன்ஜின் இழுவை விட்டுச்சா? ஒரு வெட்டு வெட்டுச்சா? இது முக்கியம். இந்த மாதிரி வண்டில மீட்டருக்குப் போற சிக்னல் இக்னிஷன் பக்கத்துல இருந்துதான் வருது. ஸ்பார்க் நின்னா, கியர்ல வண்டி உருண்டுகிட்டு இருந்தாலும் முள் சட்டுனு ஜீரோவுக்கு விழும். அப்ப மீட்டர் உண்மையத்தான் சொல்லுது. பார்க்க வேண்டியது இன்ஜின அணைக்கிற கில் சுவிட்ச் வயர், சாவி சுவிட்ச் வயர், ஸ்பார்க் எப்ப வரணும்னு சிக்னல் குடுக்கிற பல்சர் காயில். அதே பெட்ரோல் வராம இழுவை குறைஞ்சா முள் மெதுவா, இன்ஜின் வேகத்தோட சேர்ந்துதான் இறங்கும். இன்ஜின் ஒண்ணும் ஆகாம சீரா ஏறுது, முள் மட்டும் விழுதுன்னா, சிக்னல் வயர்.

மீட்டர் நல்லா இருக்குன்னு எப்படி உறுதி பண்றது? சாவி போட்டதும் நிறைய வண்டில முள் கடைசி வரைக்கும் போயிட்டு திரும்பி வரும். தடங்கல் இல்லாம போய் வந்துச்சுன்னா முள்ள ஆட்டுற மோட்டார் நல்லா இருக்கு. உங்க வண்டில ஸ்பீடோவும் பெட்ரோல் முள்ளும் விழல, அதனால கரண்டும் எர்த்தும் வந்துகிட்டுதான் இருக்கு. எர்த் விட்டிருந்தா எல்லாம் சேர்ந்தே ஆடும்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு மல்டிமீட்டர் போதும், அந்த மஞ்சள் கலர் சாதாரண மீட்டரே போதும். சாவிய ஆஃப் பண்ணுங்க. ஹெட்லைட்ட மூடியிருக்கிற டூம கழட்டி மீட்டர் போர்டு கப்ளர, அதாவது வயர் சேர்ற பிளாஸ்டிக் கனெக்டர உருவுங்க. ஸ்பார்க்க கன்ட்ரோல் பண்ற பெட்டி இருக்கே, சிடிஐ, அந்தப் பக்கத்துக் கப்ளரையும் உருவிடுங்க. சிக்னல் வயர் என்ன கலர்ன்னு உங்க வண்டியோட வயரிங் படத்துல பாருங்க, மாடலுக்கு மாடல் மாறும், யூகத்துல குத்தாதீங்க. மல்டிமீட்டர் வயர் ரெண்டு முனைக்கும் எட்டாது. அதனால சிடிஐ பக்கத்து கப்ளர்ல அந்த வயர் முனைய ஒரு துண்டு வயரால பாடி எர்த்ல சேர்த்துடுங்க. இந்தப் பக்கம் மீட்டர் கப்ளர்ல ஒரு முனை, பாடி எர்த்ல ஒரு முனை. 200 ஓம்ஸ்ல வைங்க. வயர் நல்லா இருந்தா ஒண்ணு, ஒன்றரை ஓம்ஸ்க்குள்ள காட்டும்.

இத மட்டும் பார்த்துட்டு “வயர் ஓகே”ன்னு மூடிடாதீங்க. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். மல்டிமீட்டர் அப்படியே இருக்கட்டும், ஹேண்டில்பார இடது கடைசி வரைக்கும் மெதுவா ஒடிங்க. நம்பர் எகிறி, டிஸ்பிளே ஓரத்துல வெறும் “1” மட்டும் நிக்கும். அப்படின்னா வயர் அந்த நேரத்துல திறந்துடுச்சு. திருப்பினா மறுபடி ஒரு ஓம்ஸ். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கிட்டான்.

இன்ஜின் ஓடும்போது இந்த வேலைய செய்யாதீங்க. பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிற ஹெச்.டி. காயிலோட பிரைமரி, அதாவது கரண்ட் உள்ள போற பக்கத்துல 200, 300 வோல்ட் துடிப்பு வரும். மல்டிமீட்டரும் போகும், கையும் உதறும்.

எங்க அறுந்திருக்கும்னா, ஹேண்டில்பார் திரும்புற ஸ்டீயரிங் கோன் பக்கத்துல, வயர் கட்டு சேஸிஸ்ல இருந்து டூமுக்குள்ள வளையுற இடத்துல. வெளிய பார்த்தா பிளாஸ்டிக் முழுசா இருக்கும். உள்ள செம்பு இழை ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை மடங்கி, இறுகி, ஒவ்வொண்ணா ஒடிஞ்சிருக்கும். டேப்ப பிரிச்சு அந்த வயர மட்டும் ரெண்டு விரலால பிடிச்சு லேசா இழுங்க. நல்ல இடம் விறைப்பா நிக்கும். அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். கண்ணுல தெரியாதது கைக்குத் தெரியும்.

சரி பண்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அறுந்த இடத்திலயே முறுக்கி டேப் சுத்தி விட்டா அடுத்த மழைக்காலம் தாங்காது. அங்கயே ஈயம் வச்சு சால்டர் பண்ணாலும் தப்புதான். ஈயம் இழைக்குள்ள ஏறி வயர் கம்பி மாதிரி விறைச்சுடும், ஜாயிண்டுக்கு அடுத்த இடத்துல மறுபடி ஒடியும். அதனால 25 சென்டிமீட்டர் அளவுக்கு பழைய வயர வெட்டி எடுத்துட்டு, 0.5 சதுர மில்லிமீட்டர் பல இழை வயர் புதுசு போடுங்க. ஒரு ஜாயிண்ட் டூமுக்குள்ள, இன்னொண்ணு டேங்குக்கு அடியில. மடங்குற இடத்துல ஜாயிண்டே இருக்கக் கூடாது. ஜாயிண்ட் மேல சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு சூடு காட்டுங்க. கேபிள் டைய இறுக்கிக் கட்டாதீங்க, பழைய வயர் அறுந்ததுக்கு பாதி காரணம் அதுவாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்த்து, வயர் எங்கயும் இழுக்காம தளர்வா இருக்கணும். பிளக் வயர ஒட்டிக் கொண்டு போகாதீங்க.

வயர் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சுன்னா கப்ளர் பின்ன பாருங்க. மலை மேல பனியும் மழையும், கீழ ஊர்ல வாட்டர் சர்வீஸ் பிரஷர் தண்ணி. பச்சைப் பூஞ்சை மாதிரி படிஞ்சிருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிங்க, லூசா இருக்கிற பின்ன லேசா நெருக்கி விடுங்க.

இதே வீடியோவ பார்க்கிற வேற சிலருக்கு முள் விழாது, ஆனா 5000-க்கு மேல துள்ளும், நடுங்கும். அவங்க சமீபத்துல பிளக் மாத்தினீங்களான்னு யோசிங்க. என்ஜிகே பிளக்ல எழுத்துக்கு நடுவுல ஆர் இருக்கும், உதாரணத்துக்கு சிபிஆர்8ஈஏ-9. ஆர்ன்னா உள்ள ரெசிஸ்டர் இருக்கு, சுமார் 5 கிலோ ஓம்ஸ். அது இல்லாத பிளக்கப் போட்டா ஸ்பார்க் இரைச்சல் மீட்டருக்குள்ள ஏறும். வெளிக்கடை டிஜிட்டல் மீட்டர் போட்டவங்களுக்கு சரியா பாதி, இல்ல ரெண்டு மடங்கு காட்டினா கோளாறே இல்ல, செட்டிங்தான். ஒரு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கா இருந்தாலும் நிறைய வண்டில சுத்துக்கு ஒரு ஸ்பார்க் வருது, 3000 ஆர்பிஎம்ல நொடிக்கு 50. அதுக்கு ஏத்த மாதிரி பல்ஸ் வைங்க.

இன்ஜின்ல இருந்து சுத்துற கேபிள் வழியா ஓடுற பழைய கேபிள் டைப் மீட்டர் வச்சிருக்கவங்களுக்கு ஒரே வார்த்தை: உள் கேபிளுக்கு கிரீஸ் தடவும்போது மேல் முனைல ஒரு சாண் விட்டுடுங்க. இல்லைன்னா கிரீஸ் ஏறி மீட்டருக்குள்ள போய் முள்ளையே பிடிச்சுக்கும்.

தம்பி, வயர் போட்டு முடிச்சதும் மலை ஏறிப் பார்க்க வேண்டியதில்ல. வீட்டு வாசல்ல நியூட்ரல்ல 3000-ல பிடிச்சு, இடது வலது ஒடிச்சுப் பாருங்க. முள் அசையாம நின்னா முடிஞ்சது. சரி, அடுத்த கேள்வி.