அரசாங்கமே இல்லாத நகரத்தில் டிராம் ஓடியது எப்படி? பார்சிலோனா, 1936

வணக்கம். 1937 மே 2 அன்று, ஸ்பெயினின் கடற்படை, விமானப்படை அமைச்சரான இந்தலேசியோ பிரியேத்தோ, பார்சிலோனாவில் இருந்த, கட்டலோனியா என்னும் தன்னாட்சிப் பகுதியின் அரசைத் தொலைபேசியில் அழைத்தார். அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்தின் பிடியில் இருந்த தொலைபேசி இணைப்பகத்தின் ஊழியரோ, அரசாங்கம் என்று எதுவும் இங்கே இல்லை, பாதுகாப்புக் குழு ஒன்றுதான் உண்டு என்று பதில் கூறிவிட்டார். ஓர் அமைச்சரிடம் இப்படிப் பேசும் துணிவு தொலைபேசி ஊழியருக்கு எங்கிருந்து வந்தது? அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகள் ஒரு பெருநகரத்தை உண்மையிலேயே நடத்திக் காட்டினார்களா?

[திரையில்: ஸ்பெயின் வரைபடம்]

பின்னணியை விரைவாகக் கடந்துவிடலாம். 1936 ஜூலை 17 அன்று ஸ்பானிய ராணுவத்தின் ஒரு பகுதி குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தது. பார்சிலோனாவில், 1910-இல் தொடங்கப்பட்ட சி.என்.டி. என்னும் அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்தினர், அரசுக்கு விசுவாசமாக நின்ற காவலர்களோடு சேர்ந்து இரண்டே நாட்களில் அந்தப் படையை முறியடித்தனர். கட்டலோனிய அரசின் தலைவர் லூயிஸ் கம்பனிஸ், சி.என்.டி. தலைவர்களை அழைத்து, நகரம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, விரும்பினால் நான் விலகிக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசினார். அவர்கள் ஆட்சியை ஏற்கவும் இல்லை, அகற்றவும் இல்லை. மற்றக் கட்சிகளோடு சேர்ந்து ஒரு மக்கள்படைக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். இந்த முடிவை மறந்துவிடாதீர்கள்.

[திரையில்: கறுப்பும் சிவப்பும் பூசிய டிராம்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிராம் நிறுவனத்தின் நிர்வாகிகள் ஓடிவிட்டார்கள். தொழிலாளர் பிரதிநிதிகள் அலுவலகத்துக்குப் போனபோது அங்கே எஞ்சியிருந்தவர் நிறுவனத்தின் வழக்கறிஞர் மட்டுமே. தூதுக்குழுவில் இருந்த ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முன்பு பாடுபட்டவரே அந்த வழக்கறிஞர் என்றும், உடன் வந்தவர்கள் அவரைச் சுட நினைத்தபோது தடுத்தவர் சிறைப்பட்ட அந்தத் தொழிலாளியே என்றும் அனார்க்கிஸ்ட் தரப்புக் குறிப்புகள் கூறுகின்றன. திங்கட்கிழமை பேசலாம் என்று அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டார்களாம். திங்கட்கிழமை அவர் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே எல்லையைக் கடந்திருப்பேன்!

அடுத்து நடந்ததுதான் வியப்பு. சண்டை ஓய்ந்த ஐந்தாம் நாள், வழக்கமான 600 டிராம்களுக்குப் பதிலாக 700 டிராம்கள் தெருவில் ஓடின. ஏறத்தாழ 7,000 ஊழியர்களில் 6,500 பேர் ஏற்கெனவே சங்க உறுப்பினர்கள் என்பதால், யார் எந்த வேலையைச் செய்வது என்று கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. தண்டவாளம், மின்கம்பி, பழுதுபார்க்கும் பட்டறை, ஓட்டுநர்கள் என ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது. பொறியாளர்கள் அவர்களோடு அமர்ந்து திட்டமிட்டார்கள். பெரிய முடிவுகள் பொதுக்கூட்டத்துக்குச் சென்றன. விபத்துக்குக் காரணமாக இருந்த இணைப்புப் பெட்டிகள் கழற்றப்பட்டன. தூரத்துக்கேற்ப மாறிய கட்டணம் ஒரே தொகையானது. 1936-இல் சுமார் 18 கோடியாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை அடுத்த ஆண்டில் சுமார் 5 கோடி கூடியது. இதைக் கேட்டவுடன் கைதட்ட வேண்டாம். பெட்ரோல் போருக்குப் போய்விட்டது; அகதிகள் நகரத்தில் நிரம்பினார்கள்; மக்களுக்கு டிராமை விட்டால் வேறு வழி குறைவு. ஆனாலும் அவ்வளவு கூட்டத்தையும் முதலாளி இல்லாமல் ஏற்றி இறக்கினார்கள் என்பதை மறுக்க முடியாது.

இதே மாதங்களில் பாதிரியார்களும் வலதுசாரிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள். அதில் அனார்க்கிஸ்ட் குழுக்களுக்கும் பெரும் பங்குண்டு. டிராமைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது.

[திரையில்: அரகோன் போர்முனை]

சரி, பாதுகாப்பு? ஜூலை 24 அன்று அனார்க்கிஸ்ட் தலைவர் புவெனவெந்துரா துர்ருத்தியின் தலைமையில் சில ஆயிரம் பேர், கிளர்ச்சிப் படையின் கையில் இருந்த அரகோன் பகுதியின் சரகோசா நகரத்தை மீட்கப் புறப்பட்டார்கள். 25 பேர் ஒரு குழு. நான்கு குழுக்கள் சேர்ந்து நூற்றுவர் படை. அத்தகைய ஐந்து படைகள் ஒரு பிரிவு. ஒவ்வொரு மட்டத்திலும் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இருந்தார்; பிடிக்காவிட்டால் மாற்றலாம். சல்யூட் கிடையாது. தலைவரானாலும் தொண்டரானாலும் நாளொன்றுக்கு 10 பெசேத்தா (ஸ்பானிய நாணயம்) சம்பளம். சரகோசா கடைசி வரை கைக்கு வரவில்லை. ஒழுங்கின்மையே இதற்குக் காரணம் என்பார்கள்; என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் துப்பாக்கிப் பற்றாக்குறை. பிரிட்டனும் பிரான்ஸும் தலையிடாக் கொள்கையைப் பிடித்துக்கொண்டன. 1936 அக்டோபரில் சுமார் 510 டன் தங்கத்தை சோவியத் யூனியனுக்கு அனுப்பிய ஸ்பெயினின் மத்திய அரசுக்கே சோவியத் ஆயுதங்கள் வந்தன. அடுப்பு உங்களுடையது, விறகு அடுத்த வீட்டாருடையது என்றால் என்ன சமைப்பது என்பதையும் அவரே முடிவு செய்வார்.

இந்தத் தொண்டர் படைகளை வழக்கமான ராணுவமாக மாற்ற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நவம்பரில் சி.என்.டி.யைச் சேர்ந்த நால்வர் அமைச்சரானார்கள். நீதிமன்றங்களையும் சிறைகளையும் எதிர்த்து வாழ்ந்த கார்சியா ஒலிவேருக்குக் கிடைத்தது நீதித்துறை. உலகில் எந்த நகைச்சுவை எழுத்தாளருக்கும் இது தோன்றியிருக்காது.

தொலைபேசி ஊழியரின் பதில் வந்த மறுநாள், 1937 மே 3 அன்று, கட்டலோனிய அரசின் காவலர்கள் சி.என்.டி.யின் பிடியில் இருந்த அந்த இணைப்பகத்தைக் கைப்பற்ற வந்தார்கள். தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன; நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டவர்களில் அந்த நீதி அமைச்சரும் ஒருவர். ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் தளபதி லிஸ்டரின் அரசுப் படை அரகோனுக்குள் நுழைந்து, அங்கே அனார்க்கிஸ்டுகள் அமைத்திருந்த கூட்டுப் பண்ணைகளைக் கலைத்தது. விவசாயம் தடுமாறியதும், அவற்றில் சிலவற்றை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

1936 ஜூலையில் கம்பனிஸின் அறையில் நீங்கள் இருந்திருந்தால் அவரை விலகச் சொல்லியிருப்பீர்களா? ஆட்சியைக் கையில் எடுக்காதது அவர்களுடைய கொள்கை. அந்த இடத்தை வேறு யாரும் நிரப்பமாட்டார்கள் என்று நம்பியதே அவர்களின் பெரும் பிழை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள்; காரணத்தோடு எழுதுங்கள்.