உப்புக் காத்து அடிக்கிற ஊரு

வணக்கம் நேயர்களே. வேதாரண்யத்தப் பத்தி பேசணும்னு நிலையத்துலேருந்து கூப்பிட்டதும் சரின்னுட்டேன், ஏன்னா எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தோட தெக்குக் கோடியில இருக்கிற சின்ன நகராட்சி, சுத்தி எல்லாம் கிராமம். வர்றவங்க முக்கால்வாசி பேரு கடல்ல ஒரு முழுக்கு, கோயில்ல ஒரு அர்ச்சனை, மத்தியான பஸ்ஸப் புடிச்சுக் கிளம்பிடறாங்க. ஒரு ராத்திரியாவது தங்குங்கய்யா.

கோயிலயும் நிதானமா பாக்கணும். தேவாரத்துல இதுக்குப் பேரு திருமறைக்காடு. பூட்டிக் கெடந்த கதவத் திறக்க அப்பர் பத்துப் பாட்டு பாடியும் திறக்கல, அதுக்கப்புறம் இன்னொண்ணு பாடித்தான் திறந்துச்சாம். மூடுறதுக்கு சம்பந்தர் ஒரே பாட்டு பாடினதும் டக்குன்னு மூடிக்கிச்சாம், அப்பருக்கு மனசு என்ன பாடுபட்டிருக்கும் பாருங்க! இங்க அம்பாள் பேரு யாழைப்பழித்த மொழியாள், அவங்க குரலுக்கு முன்னாடி வீணை எதுக்குன்னு சரஸ்வதி கையில வீணையே இல்ல. 'வேதாரண்யம் விளக்கழகு'ன்னு சொல்லுவாங்கள்ல, அதுக்கும் ஒரு கதை இருக்கு. அணையப்போற விளக்குல நெய் குடிக்க வந்த எலி, தெரியாம திரியத் தூண்டிவிட்டு, அந்தப் புண்ணியத்துல மகாபலியா பொறந்துச்சாம்.

அங்கேருந்து அகஸ்தியம்பள்ளிக்கு வாங்க, பக்கந்தான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பளம். மழை ஓஞ்சதும் பாத்திக்குள்ள வரிசையா நின்னு சேத்த மிதிப்பாங்க, தரை இறுகினாத்தான் தண்ணி கீழ இறங்காது, உப்புல மண்ணு ஒட்டாது. அதுக்கப்புறம் உப்புத்தண்ணியப் பாய்ச்சிவிட்டு வெயிலுக்காகக் காத்திருக்கணும், வெயில் ஏற ஏற தண்ணி மேல கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கட்டும் பாருங்க, அதான் உப்பு பூக்கிறது. நல்லா பூத்து வர்ற நேரத்துல ஒரு மழை அடிச்சா அத்தனையும் கரைஞ்சு போயிடும். அந்த உழைப்ப நேர்ல பாத்தவங்க தட்டுல உப்ப வீணாக்க மாட்டாங்க.

இந்த உப்புக்குத்தான் ராஜாஜி 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலேருந்து தொண்டர்களோட நடந்து, 28ஆம் தேதி இங்க வந்து சேர்ந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளினாரு, உடனே கைது. வழியில சோறு, இடம் குடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்டியிருந்தாரு. நம்ம ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா, சாப்பாட்டுப் பொட்டலத்த மரக்கிளையில கட்டிவச்சிட்டுப் போயிட்டாங்க, யாரு குடுத்தான்னு எவனும் புடிக்க முடியாதுல்ல! இங்க ஏற்பாடெல்லாம் பாத்தவரு சர்தார் வேதரத்தினம் பிள்ளை. சவரம் பண்ணிக்க உக்காந்த ஆளு போலீஸ்னு தெரிஞ்சதும் பாதியிலயே கத்திய வச்சிட்டு ஜெயிலுக்குப் போன வைரப்பனும் இந்த ஊர்க்காரருதான். நினைவுத்தூண் அகஸ்தியம்பள்ளியில இருக்கு, அஞ்சு நிமிஷம் இறங்கி நில்லுங்க.

அடுத்து கோடியக்கரை. 1967ல சரணாலயமாச்சு, 2002ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் வந்துச்சு. வெளிமானப் பாக்க விடியக்காலையிலயே போயிடணும். கிடா கறுப்பா, முறுக்கின கொம்போட நிக்கும், பெண்மான் பழுப்பு நிறம். புல்வெளியில அதுங்க துள்ளி ஓடுறது சும்மா ரப்பர் பந்த எறிஞ்ச மாதிரி இருக்கும். குளிர் காலத்துல சதுப்புல பூநாரை எறங்கும், அலகத் தலகீழா தண்ணியில விட்டு பூச்சி, பாசியெல்லாம் சலிச்சு எடுக்கும். வெயில் காலத்துல வந்தீங்கன்னா பறவை கம்மிதான், ஆனா பாலப்பழம் கெடைக்கும். தின்னா உதடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும், அதுவும் ஒரு ருசி.

இந்தக் கரை நிறைய அடி வாங்கியிருக்கு. சோழர் காலத்து கலங்கரை விளக்கம்னு சொல்லப்பட்ட பழைய கட்டடம் 2004 சுனாமியோட போச்சு, 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து தென்னை, மா எல்லாத்தயும் சாய்ச்சிட்டுப் போயிடுச்சு. முல்லைப்பூ விவசாயம் பண்றவங்க மறுபடி பதியன் போட்டுத்தான் எழுந்தாங்க.

ரயிலும் 2023 ஏப்ரல்லேருந்து திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையில ஓடுது, அதனால சாக்கு சொல்ல முடியாது. சாயந்திரம் கோடியக்கரைப் பக்கம் இருக்கிற குழகர் கோயிலுக்கு மட்டும் மறக்காம போங்க. கடல்காத்து இப்படி அடிக்கிற எடத்துல துணைக்கு ஆள் இல்லாம ஏன்யா தனியா உக்காந்திருக்கன்னு சுந்தரர் சிவனயே கேட்ட எடம் அது. அந்தக் காத்து இன்னும் அப்படியேதான் அடிக்குது.