செல்ஃப் பட்டனைத் தொட்டாலே ஃபியூஸ் போகிறதா? ஒரு பல்பை வைத்து ஷார்ட்டைப் பிடிப்போம்

வணக்கம் நண்பர்களே. இந்த 150 சிசி வண்டிக்கு ஒரே ஒரு புகார்தான். சாவியைப் போட்டால் ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தியதும் மொத்த வண்டியும் செத்துவிடுகிறது. திறந்து பார்த்தால் மெயின் ஃபியூஸ் கருகிக் கிடக்கிறது. புது ஃபியூஸ் போட்டார்கள், அதுவும் போய்விட்டது. 15 ஆம்பியர் இருக்கிற இடத்தில் 30 போட்டுப் பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். வயர் உருகுவதற்கு முன்னால் தான் அறுந்துகொள்வதுதான் ஃபியூஸின் வேலை. 30 போட்டால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், டேங்குக்கு அடியில் ஓடுகிற வயர் எரியும். அதற்கு மேலே இருப்பது பெட்ரோல்.

சரி, எங்கிருந்து தேடுவது? ஃபியூஸ் எந்த நேரத்தில் போகிறது என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். சாவி போடாமலே போனால் ஃபியூஸுக்கும் இக்னிஷன் ஸ்விட்சுக்கும் நடுவில் கோளாறு. சாவி போட்டதும் போனால் ஸ்விட்சைத் தாண்டி வருகிற லைன்களில் ஒன்று. பட்டனை அழுத்தினால் மட்டும் போகிறதென்றால், பட்டனிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச்) காயில் வரைக்கும், அதாவது அதற்குள் இருக்கிற கம்பிச் சுருள் வரைக்கும், போகிற அந்த ஒற்றை லைன்தான்.

இந்தப் புகாரைக் கேட்டதும் பலர் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அது தேவையில்லாத வேலை. மோட்டார் சுற்றும்போது இழுக்கிற கரண்டை ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கவே தாங்காது. அதனால் பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியின் தடித்த கேபிள் ஃபியூஸ் வழியாகப் போகாமல் நேராக ரிலேக்குப் போய், அங்கிருந்து மோட்டாருக்குப் போகிறது. மோட்டாரில் ஷார்ட் என்றால் இந்த ஃபியூஸ் போகாது. பேட்டரி வோல்டேஜ் சரிந்து, கேபிள்தான் கொதிக்கும். அந்தக் கேபிளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். ரிலே பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோவதற்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இப்போது பல்பு. பிரேக் லைட்டில் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பை எடுத்து, இரண்டு வயர் சேர்த்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகியிருக்கிறேன். இனி எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் இந்த லைனில் ஏறக்குறைய 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. எத்தனை முறை சோதித்தாலும் ஃபியூஸ் செலவில்லை. ஹெட்லைட் கனெக்டரைப் பிடுங்கிவிட்டேன், இல்லையென்றால் அந்த லோடிலேயே பல்பு எரிந்து நம்மைக் குழப்பும். சாவி ஆன். பல்பு மங்கலாக எரிகிறது, இது மீட்டர், டெயில் லைட் இழுக்கிற கரண்ட். கிளட்ச் பிடித்துப் பட்டனை அழுத்துகிறேன். பாருங்கள், முழு வெளிச்சம்! எங்கோ ஷார்ட் இருக்கலாம் என்று பல்பு சொல்கிறது.

ஆனால் ரிலே காயிலும் ஒரு லோடுதான், நல்ல காயிலாக இருந்தாலும் பல்பு கொஞ்சம் பிரகாசமாகும். அதனால் ரிலேயின் சின்ன கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். பல்பு மங்கினால் காயிலைச் சந்தேகப்படலாம். மல்டிமீட்டரில் வைத்தால் பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை காட்டும், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ரிலேயை மாற்றுங்கள். இந்த வண்டியில் கனெக்டரைக் கழற்றியும் வெளிச்சம் குறையவில்லை. ஆகவே ரிலே தப்பித்தது, வயர்தான் பாடியில் தொடுகிறது.

பட்டனை அழுத்தியபடியே ஹேண்டிலைத் திருப்புகிறேன். இடது பக்கம் முழு வெளிச்சம், வலது பக்கம் மங்கல். எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். டூமை (ஹெட்லைட் கூடு) இறக்கிப் பார்த்தால், ஹேண்டில் திரும்புகிற கோன்செட்டுக்குப் பக்கத்தில் வயரிங், பிரேமின் விளிம்பில் உரசி, இன்சுலேஷன் தேய்ந்து செம்பு தெரிகிறது. கூடுதல் லைட் போட்டவர்கள் வயர்களை டைட்டாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஹேண்டில் திரும்புவதற்குத் தளர்வே இல்லை. லைட் மாட்டுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், நடுரோட்டில் நிற்கப்போவது வண்டிக்காரர்தான்.

வெறும் டேப் சுற்றி விட்டால் வெயிலில் பசை இளகி நழுவும். அடிபட்ட இடத்தை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் டியூபை (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற டியூப்) முதலில் கோத்து, சாலிடர் வைத்து, டியூபைச் சுருக்கி, மேலே ஸ்லீவ் போடுகிறேன். அப்புறம் ஹேண்டிலை இரண்டு எல்லைக்கும் திருப்பி, எங்கும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுகிறேன்.

ஃபியூஸ் போகாத ஷார்ட்டும் உண்டு, எனக்கு அதுதான் அதிக பயம். சில வண்டிகளில் ரிலே காயிலின் எர்த் (நெகட்டிவுக்குத் திரும்புகிற வயர்), கிளட்ச் ஸ்விட்ச் அல்லது நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகப் போகும். அந்த வயர் பாடியில் தொட்டால் ஃபியூஸுக்கு ஒன்றும் ஆகாது, கியரில் இருக்கும்போதே கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுக்கும், வண்டி முன்னால் பாயும். உங்கள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் வைத்து, கிளட்ச் பிடிக்காமல் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செல்ஃப் எடுக்கவே கூடாது என்று வைத்திருக்கிற வண்டியில் எடுத்தால், அந்த லைனை உடனே பாருங்கள்.

இப்போது பல்பை எடுத்துவிட்டு, ரிலே கனெக்டரை மாட்டி, அதே 15 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரி 12.6 வோல்ட். பட்டனை அழுத்துகிறேன்... ஸ்டார்ட் ஆகிவிட்டது. சுற்றும்போது 10.4 வரை இறங்கியது, அது நல்ல அளவுதான். ஹேண்டில் இடது பக்கம் வைத்து இன்னொரு முறை. ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. டூமை மாட்டிவிட்டு வண்டியைக் கொடுத்து அனுப்பலாம்.