ஒலிநாடாவில் ஒரு பெண்குரல்

வணக்கம் நேயர்களே. சிறிய செலவில் எடுத்த குற்றப் படங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அதில் ஒன்று மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. 1979-இல் மெக்சிகோ இயக்குநர் ரெனே கார்டோனா ஜூனியர் எடுத்த 'கயானா: கல்ட் ஆஃப் த டாம்ன்ட்'.

நடந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகர், கயானா நாட்டுக் காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன் என்று தன் பெயரிலேயே ஓர் ஊர் அமைத்தார். நிலைமையை நேரில் பார்க்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனை, திரும்பும் வழியில் விமான ஓடுதளத்தில் ஜோன்ஸின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அது 1978 நவம்பர் 18. அன்றைக்கே ஜோன்ஸ் சொல்லி ஊர் மக்களுக்கு இனிப்புப் பானத்தில் சயனைடு கொடுத்தார்கள். மொத்தம் 918 பேர் இறந்தார்கள். அவர்களில் 300 பேருக்கு மேல் சின்னப் பிள்ளைகள்.

மறு வருடமே படம் வந்துவிட்டது. ஜோன்ஸ் என்பதை ஜான்சன் ஆக்கினார்கள், ஜோன்ஸ்டவுன் ஜான்சன்டவுன் ஆனது. காசு குறைவு என்பது எனக்குக் குறையே இல்லை. கேமரா எந்த முகத்தைத் தேடிப் போகிறது என்பதுதான் கேள்வி. இந்தப் படம் போதகராக நடித்த ஸ்டூவர்ட் விட்மனின் முகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. செத்தவர்கள் வெறும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்காரும் சபை என்று நம்பி, வீட்டை விற்று, ஓய்வூதியத்தைக் கொடுத்துச் சேர்ந்த வயதானவர்களும் அவர்களில் உண்டு.

சாவதற்கு முன் ஜோன்ஸ் ஊர் மக்களைக் கூட்டிப் பேசிய கடைசிக் கூட்டத்தின் ஒலிநாடா இருக்கிறது, சுமார் 45 நிமிடம். அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்ணின் குரல் கேட்கிறது. அறுபது வயதுக்காரர். ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் ஒரு பக்கம் கத்தும்போது ஒற்றை ஆளாக எழுந்து நின்று பாருங்கள், கால் நடுங்கும். இந்த அம்மா மைக்கைப் பிடித்து நேராக ஜோன்ஸிடமே கேட்கிறார்: முன்பு நீங்கள் சொன்னபடி ரஷ்யாவுக்குக் குடிபோக இனி வழியே இல்லையா? அவர் ஏதேதோ சமாதானம் சொல்கிறார். அம்மா விடவில்லை. உயிர் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது என்கிறார். இந்தக் குழந்தைகளைப் பாருங்கள், இவர்கள் வாழ வேண்டாமா என்கிறார். கூட்டம் கூச்சல் போட்டு அவரை அடக்குகிறது. அவரும் அங்கேயே இறந்தார்.

சொன்னதையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக், ஒரு பெண், எதிரே ஒரு நாற்காலி. இதைப் படமாக்க என்ன பெரிய செலவு? காடு வேண்டாம், விமானம் வேண்டாம், பெரிய நடிகர்கள் வேண்டாம். அந்த அம்மாவிடமிருந்து தொடங்கியிருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் நமக்குத் தெரிந்த முகமாகியிருக்கும்.

அப்புறம், தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். யாரும் வந்து வாங்காத 400-க்கும் மேற்பட்ட உடல்களைக் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில், எவர்கிரீன் கல்லறையில் புதைத்தார்கள். 2011-இல் அங்கே இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்தார்கள். ஜோன்ஸின் பெயரும் அதில் உண்டு. உறவினர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். கிறிஸ்டின் மில்லரின் பெயரும் அதே கல்லில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.